மாத்திரை, மின்முனை, ஒலி அலை, காந்தம்: அப்பாவுக்கு எது?

கடலூர் துறைமுகத்தில் அப்பா முப்பத்தோரு வருஷம் மீன் ஏலம் கூறினார். படகு வந்து கூடை இறங்கியதும் மீனை ஒரு புரட்டு புரட்டிப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார், வியாபாரிகள் ஏற்ற ஏற்ற இவர் குரலும் ஏறும். இரண்டு நிமிஷத்தில் கூடை கைமாறிவிடும். அந்தக் குரல்தான் முதலில் போனது. "என்னண்ணே, காதுல விழல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தபோது, தொண்டையில் ஏதோ என்று நினைத்து ஒரு வருஷம் தொண்டை வைத்தியம் பார்த்தோம். அப்புறம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீற்றைத் தேய்ப்பது போல உருட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்தபோது அவருக்கு வயது 54. இப்போது 63.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டர் சொன்னார்: "ஐயா, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை மாத்திரை ஆயிடுச்சு. இன்னமும் வேளையைக் கூட்டிக்கிட்டே போக முடியாது. வேற வழிகளையும் யோசிங்க."

அன்று ராத்திரியே வீட்டில் மாநாடு கூடிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, கத்தியே வைக்காமல் ஒலி அலையால் நடுக்கத்தை நிறுத்தும் வீடியோ ஒன்றை அனுப்பினான். அத்தை, தலையில் காந்தம் வைத்து வைத்தியம் செய்யும் ஓர் இடத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்தார். சித்தப்பா பூனைக்காலிப் பொடியோடு வந்தார். எதற்கானாலும் மொட்டை அடிக்க வேண்டுமா என்று மட்டும் அம்மா கேட்டார். அப்பா கேட்டது வேறு: "எதுல என் தொண்டை திரும்ப வரும்?"

நான் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் இதை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படம் எடுக்கத் தெரிந்தவளுக்கு வைத்தியம் தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பது கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மூன்று மாதம் கேட்டதையும் படித்ததையும் வைத்து நாங்கள் போட்ட கணக்கு இது. உங்கள் வீட்டு ஆளுக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

ஸ்கேன் எதைச் சொல்லும்

என் தொழிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பார்க்கின்சன் என்று வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்பார்கள்: "இவ்வளவு காசு கட்டினோம், நார்மல்னு போட்டிருக்கீங்களே?" அப்படித்தான் வரும். சாதாரண எம்.ஆர்.ஐ. எடுப்பது வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள: அடைப்பு, கட்டி, மூளையில் நீர் கோத்திருப்பது. காந்த சக்தி கூடுதலான 3 டெஸ்லா மெஷினில் தனி முறையில் எடுத்தால் நடுமூளையில் தகைவிலான் குருவியின் பிளந்த வால் போல ஓர் அமைப்பு தெரியும். பார்க்கின்சன் வந்தவர்களிடம் பெரும்பாலும் அது மறைந்திருக்கும். ஆனாலும் நோயைத் தீர்மானிப்பது டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்ப்பதுதான்.

டிரோடாட், எஃப்-டோபா பெட் என்று கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்கள், உடம்பை அசைக்க மூளைக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு முனைகள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். இது பார்க்கின்சனா, பரம்பரையாக வருகிற சாதாரணக் கை நடுக்கமா என்று சந்தேகம் இருந்தால் உதவும். ஒன்பது வருஷமாக மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற அப்பாவுக்கு அது வீண் செலவு. எடுக்கவில்லை.

செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. பற்றித் தம்பி கேட்டான். ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா 1990-இல் அமெரிக்காவில் வேலை செய்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வைத்து மூளை வேலை செய்யும் இடத்தைப் படத்தில் பிடிக்கலாம் என்று காட்டினார். இன்றைக்கு மூளையின் எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் வரைகிற வரைபடங்களில் பல அதில் இருந்து வருபவைதான். மூளைக்குள் வைத்த மின்முனை எந்த இணைப்பைத் தொட்டால் பலன் அதிகம் என்று 2017-இல் ஒரு ஜெர்மன்-அமெரிக்கக் குழு இந்த வரைபடங்களைக் கொண்டே கணித்துக் காட்டியது. அப்பா ஒருவருக்கு எடுத்து "இவருக்கு இந்த வைத்தியம்" என்று சொல்கிற நிலைக்கு அது இன்னும் வரவில்லை. எங்கள் முடிவுக்குத் தேவைப்பட்ட படங்கள் இரண்டே இரண்டு: ஆபரேஷனுக்கு வழி போட ஓர் எம்.ஆர்.ஐ., மண்டையோட்டின் அடர்த்தி பார்க்க ஒரு சி.டி.

ஒரு நோட்டுப் புத்தகமும் மீன் குழம்பும்

மூளைக்குள் நடப்பதை டாக்டர் அப்பாவுக்கு வண்டிக் கணக்கில் சொன்னார். நடுமூளையில் கருப்பாக ஒரு திட்டு உண்டு, டோபமின் அங்கிருந்துதான் வருகிறது. அறிகுறி வெளியே தெரியும்போதே அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். டோபமின் குறைந்ததும், கொஞ்சம் மேலே இருக்கிற பட்டாணி அளவு முடிச்சு ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவது மாதிரி. மாத்திரை பெட்ரோல் ஊற்றுகிறது. ஆபரேஷனும் ஒலி அலையும் பிரேக்கைத் தளர்த்தப் பார்க்கின்றன.

அப்பா சாப்பிடுவது லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து. 1967-இல் ஜார்ஜ் கோட்ஸியஸ் என்ற டாக்டர் அதை அதிக அளவில் கொடுத்துக் காட்டியதில் இருந்து இன்றுவரை அதை மிஞ்சிய மாத்திரை இல்லை. வருஷம் போகப் போக அதன் பலன் நிற்கும் நேரம் குறைகிறது. எங்கள் வீட்டில் "ஏறுது", "இறங்குது" என்று சொல்வோம். ஏறினால் அப்பா கடைத்தெரு வரை நடப்பார், இறங்கினால் சட்டைப் பொத்தான் போட முடியாது. உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தன்னால் நெளிந்து ஆடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். நோட்டில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, ஏற்றமா, இறக்கமா, ஆட்டமா, தூக்கமா என்று மூன்று நாள் குறிக்க வேண்டும். அம்மாதான் குறித்தார். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 5 மணி இறக்கம், 2 மணி தொந்தரவான ஆட்டம். டாக்டர்கள் 5-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஐந்து வேளை லெவோடோபா, இரண்டு மணி நேர இறக்கம், ஒரு மணி நேரத் தொந்தரவான ஆட்டம். இவற்றில் ஒன்றைத் தொட்டாலே அடுத்த கட்ட வைத்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாமாம். அப்பா மூன்றையும் தொட்டிருந்தார்.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. காலை 8 மணி மாத்திரைதான் எப்போதும் சரியாக ஏறவில்லை. 8 மணிக்குத்தான் அவர் பழைய சோற்றோடு முந்தின நாள் மீன் குழம்பைச் சாப்பிடுவார். புரதம் செரித்து வருகிற அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில் நெருக்கிக்கொண்டு நுழைகின்றன. மீன் முந்திக்கொண்டால் மாத்திரை வெளியே நிற்க வேண்டியதுதான். ஒன்பது வருஷத்தில் இதை யாரும் எங்களுக்கு விளங்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாத்திரையை 7:15-க்கு மாற்றி, மீனை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளினோம். இறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. செலவு இல்லை, அப்பாவின் முணுமுணுப்பு மட்டும்தான். மீன்காரன் வீட்டில் பகலில் பருப்பு ரசமா என்று.

ஆகவே முதல் வழி, இருக்கிற மாத்திரையையே நேரம் பார்த்துத் திருத்துவது, கூட ஒன்றிரண்டு சேர்ப்பது. இதைச் செய்து பார்க்காமல் ஆபரேஷன் பேச்சை எடுக்கிற இடத்தில் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். சேர்க்கிற மாத்திரைகளில் பிரமிபெக்சோல் வகைக்கு ஒரு குணம் உண்டு. சிலருக்குச் சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு மாதிரி அடங்காத ஆசைகளைக் கிளப்பிவிடும். டாக்டர் அதை அப்பாவிடம் கேட்காமல் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நல்ல டாக்டர். அபோமார்ஃபின் என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் பம்ப் வைத்துப் பகல் முழுக்கச் செலுத்தும் வழியும் இருக்கிறது. தினமும் ஊசி குத்தி மாட்டிவிட ஆள் வேண்டும். அம்மாவின் கண் பார்வைக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டோம்.

பூனைக்காலிக்கு வருகிறேன். சித்தப்பாவைக் கிண்டல் செய்ய முடியாது. அந்த விதையில் இருப்பது நிஜமான லெவோடோபா. எந்தப் பொடியில் எவ்வளவு என்று அளவு தெரியாததுதான் சிக்கல். அளந்து கொடுக்கும் மாத்திரைக்கு மேல் அளக்காத லெவோடோபாவைக் கொட்டினால் ஆட்டம்தான் கூடும். டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம்.

மூளைக்குள் கம்பி

ஆழ்மூளைத் தூண்டல், சுருக்கமாக டி.பி.எஸ். 1987-இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் அலிம்-லூயி பெனாபிட், நடுக்கத்துக்காக மூளையில் சிறு புண் ஏற்படுத்தும் பழைய ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். சரியான இடம்தானா என்று பார்க்க முதலில் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். விநாடிக்கு நூறு துடிப்புக்குப் பக்கத்தில் போனதும் நடுக்கம் நின்றது. புண்ணே தேவையில்லை, மின்சாரத்தை அங்கேயே விட்டுவைத்தால் போதும் என்று தோன்றியது. குரங்குகளில் அந்தப் பட்டாணி முடிச்சின் வேலையை மட்டுப்படுத்தினால் பார்க்கின்சன் அறிகுறிகள் குறையும் என்று அமெரிக்க நரம்பியல் டாக்டர் மாஹ்லன் டிலாங்கின் குழு 1990-இல் காட்டியது. இரண்டு நூலும் சேர்ந்துதான் இன்றைய ஆபரேஷன். 2014-இல் லாஸ்கர் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

செய்முறை இது. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, எம்.ஆர்.ஐ.யையும் சி.டி.யையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வழி போடுகிறார்கள். 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைப் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே இறக்குகிறார்கள். பல இடங்களில் ஆளை விழிப்பாகவே வைத்து, கையை நீட்டு, பேசு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் ஆன் செய்வார்கள், அப்புறம் அளவைச் சரிசெய்ய மாதக்கணக்கில் போய் வர வேண்டும். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ எத்தனை பயணம் என்பதையும் செலவில் சேருங்கள்.

பலன்? 2009-இல் அமெரிக்காவில் 255 பேரை வைத்து நடந்த ஆய்வில், டி.பி.எஸ். வைத்தவர்களுக்குத் தொந்தரவான ஆட்டம் இல்லாத நல்ல நேரம் ஆறு மாதத்தில் நாளுக்குச் சராசரியாக 4.6 மணி கூடியது. மாத்திரையை மட்டும் திருத்திப் பார்த்தவர்களுக்குக் கூடவே இல்லை. அதே ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் ஆபரேஷன் பக்கத்தில்தான் அதிகம். மூளையில் ரத்தக்கசிவு நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வரலாம், கிருமித் தொற்று அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 4.6 மணி நேரம் என்பதை அம்மாவின் நோட்டில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அப்பாவின் இறக்க நேரம் முழுவதும்.

எனக்கு இந்த வழியில் பிடித்தது அதன் ஒழுங்கு. மாத்திரைக்கு எது கேட்கிறதோ அதுதான் டி.பி.எஸ்.ஸுக்கும் கேட்கும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு மசியாத நடுக்கமும் இதில் அடங்கலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டெஸ்ட் வைக்கிறார்கள். முந்தின ராத்திரியில் இருந்து மாத்திரையை நிறுத்தி, காலையில் மதிப்பெண் போட்டு, வழக்கத்தைவிட அதிக டோஸ் கொடுத்து மறுபடி மதிப்பெண். 30 சதவீதமாவது முன்னேற்றம் இருந்தால்தான் மேலே பேசுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பலனை ஓரளவு பார்த்துவிடலாம்.

மாத்திரை ஏறியிருக்கும்போதும் சரியாகாதவை ஆபரேஷனிலும் பெரும்பாலும் சரியாகாது. அப்பாவுக்கு அவை இரண்டு. ஒன்று, வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வது. தரையில் பசை போட்ட மாதிரி நின்றுவிடுவார். அம்மா போட்ட கோலத்தின் மீது மட்டும் வரிசை வரிசையாகத் தாண்டிப் போய்விடுவார். கண்ணுக்குக் கோடு கிடைத்தால் கால் வேறு வழியில் உத்தரவு வாங்கிக்கொள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கூடத்தில் இருந்து கழிப்பறை வரை முக்கால் முழத்துக்கு ஒரு வெள்ளை பெயின்ட் கோடு அடித்திருக்கிறோம். இரண்டாவது, குரல். டி.பி.எஸ். குரலை மீட்காது, சிலருக்குப் பேச்சை இன்னும் குழறவைக்கும். இதைக் கேட்டதும் அப்பா ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

வார்த்தைகள் விஷயமும் உண்டு. டி.பி.எஸ். ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் ஒரு குறை, சொற்கள் சட்டென்று வாயில் வரும் வேகம் கொஞ்சம் மட்டுப்படுவது. நினைவாற்றல் மொத்தமாகப் போகாது, வார்த்தை வர நேரமாகும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் முன்கூட்டியே அறிவுத்திறன் சோதனை வைக்கிறார்கள். மறதி நோய் தொடங்கியவர்களுக்கு ஆபரேஷனே கிடையாது. அப்பாவுக்குத் தமிழ் மோகா சோதனையில் 30-க்கு 27. அப்புறம் சோதனை வைத்த பெண், "ஐயா, ஒரு நிமிஷத்துல எத்தனை விலங்கு பேர் வருதோ சொல்லுங்க" என்றார். ஆடு, மாடு, நாய், பூனை, யானை, புலி, கரடி, குரங்கு, முயல். அதோடு நின்றுவிட்டது. விரல் மேசை மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 40 விநாடி ஆனபோது அவர் கேட்டார்: "மீனும் சேர்த்தியாம்மா?" சேர்த்திதான் என்றதும் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கொடுவா, சீலா, கிழங்கான், நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, வாளை, திருக்கை, சுறா என்று மிச்ச 20 விநாடியில் பதின்மூன்று. மொத்தம் 22 என்று போட்டார் அந்தப் பெண். துறைமுகத்தில் நின்று சொன்ன வேகம் அது, சத்தம் மட்டும் இல்லை.

அந்த 22-இல் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் அப்புறம் எங்கள் கேள்வியானது. கம்பி வைக்க இரண்டு இடங்கள் உண்டு: பட்டாணி முடிச்சான எஸ்.டி.என்., அதற்குப் பக்கத்தில் ஜி.பி.ஐ. என்ற இன்னொரு முடிச்சு. 2010-இல் 299 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில் உடல் இயக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எஸ்.டி.என்.னில் வைத்தால் மாத்திரையை அதிகம் குறைக்கலாம், மனச்சோர்வும் கண்-கை வேகம் மந்தமாவதும் ஜி.பி.ஐ. பக்கத்தில் குறைவு. மாத்திரை குறைகிற லாபமா, மூளையின் சுறுசுறுப்பா என்று பார்த்தால் எங்கள் ஆளுக்கு இரண்டாவதுதான். அப்பாவின் ஆட்டத்துக்கும் ஜி.பி.ஐ. நேரடியாகக் கேட்கும் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. எஸ்.டி.என்.னில் மின்முனை வைத்த ஒன்பது பேர், அதற்கு முன் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், கருவி ஓடும்போது நீந்த முடியாமல் போனதை சூரிச் டாக்டர்கள் 2019-இல் எழுதினார்கள். ஒருவர் தண்ணீரில் குதித்து மூழ்கப் பார்த்திருக்கிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை என் தம்பியின் வீடியோக்கள் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று, கருவி இருக்கும் உடம்பில் பிசியோதெரபியில் கொடுக்கிற டயதர்மி சூடு கூடவே கூடாது, கம்பி வழியாகச் சூடு மூளைக்குப் போகும். எங்கள் எம்.ஆர்.ஐ. அறைக்கு டி.பி.எஸ். அட்டையோடு வருபவர்களிடம் மாடல் நம்பரைப் பார்க்காமல் நாங்கள் உள்ளே விடமாட்டோம். அட்டையைத் தொலைக்காதீர்கள்.

பணம். எங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைகள் எல்லாம் பத்து லட்சத்தைத் தாண்டின, பெரும்பங்கு கருவிக்கே. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷ வரம்பே 5 லட்சம்தான். சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் வரும், தீர்ந்தால் மறுபடி சின்ன ஆபரேஷன். சார்ஜ் ஏற்றும் பேட்டரி விலை கூடுதல், பதினைந்து வருஷம் போகும். 63 வயதுக்காரருக்கு இரண்டாவதுதான் கணக்குக்கு வருகிறது. சார்ஜ் போட மறந்துவிடுகிற வீடாக இருந்தால் முதலாவது. மூளையின் அலையைத் தானே கவனித்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய முறைக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்காகக் காத்திருக்கலாமா என்று தம்பி கேட்டான். தினம் மூன்றரை மணி நேரம் நாற்காலியில் முடங்கிக் கிடக்கிறவர் நீ இல்லை என்று சொன்னேன்.

தம்பியின் வீடியோ

ஒலி அலை முறை என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் எனக்கும் ஆசைதான். ஆளை எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே படுக்கவைத்து, தலைக்கவசம் போன்ற ஒன்றில் இருந்து 1024 புள்ளிகள் ஒலி அலையை ஒரே இடத்தில் குவிக்கின்றன. அந்த இடம் 55 முதல் 60 டிகிரி வரை சூடாகிக் கருகும். நாங்கள் படம் எடுக்கப் பயன்படுத்தும் மெஷின் அங்கே மூளைக்குள் தெர்மாமீட்டராக வேலை பார்க்கிறது. மண்டையில் ஓட்டை இல்லை, கம்பி இல்லை, பேட்டரி இல்லை. கை நடுக்கம் அன்றே நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும்.

கருகினது கருகினதுதான் என்பதை வீடியோவில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. டி.பி.எஸ். சரிப்படாவிட்டால் ஆஃப் செய்யலாம், அளவை மாற்றலாம். இதில் முடியாது. வழக்கமாக ஒரு பக்கத்துக்குத்தான் செய்கிறார்கள், அப்பாவுக்கோ இப்போது இரண்டு பக்கமும். 2023-இல் வெளிவந்த 94 பேர் ஆய்வில் மூன்று மாதத்தில் வைத்தியம் பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பலன், ஒலி அலை செலுத்தாமல் செய்வது போலப் பாவனை மட்டும் காட்டப்பட்டவர்களில் 32 சதவீதம். பலன் உண்டு, ஆனால் வைத்தியம் நடந்தது என்ற நம்பிக்கையிலேயே மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பேச்சுக் குழறலும் நடைத் தள்ளாட்டமும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கின்றன. மண்டையோட்டு அடர்த்தி ஒத்துவராதவர்களுக்குச் செய்யவே முடியாது, அதற்குத்தான் அந்த சி.டி. அம்மாவின் கேள்விக்கும் பதில்: முழு மொட்டை.

ஒரு கை மட்டும் கடுமையாக நடுங்குகிறது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவதாலோ வயதாலோ ஆபரேஷன் பயமாக இருக்கிறது என்றால் நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். அப்பாவின் கதை அது இல்லை.

அத்தையின் நோட்டீஸ்

தலைக்கு மேல் காந்தச் சுருள் வைத்துத் தூண்டும் முறையை டி.எம்.எஸ். என்பார்கள். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் முதலில் செய்து காட்டினார். அத்தை நினைப்பது போல இது கரன்ட் ஷாக் இல்லை. மயக்க மருந்து வேண்டாம், மொட்டை வேண்டாம், டக் டக்கென்று சத்தம் வரும், நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். மனச்சோர்வுக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

சுருளின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். அந்தப் பட்டாணி முடிச்சு இருப்பதோ ஆறேழு சென்டிமீட்டர் உள்ளே. அதனால் உடல் அசைவுக்கு உத்தரவு போடும் மூளையின் மேற்பரப்பை, அதாவது இயக்கப் புறணியை, தட்டிக்கொடுத்து, கீழே கொஞ்சம் எதிரொலிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஓரளவு பலன் இருக்கலாம் என்றுதான் நிபுணர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. நோட்டீஸில் "பார்க்கின்சன் நிரந்தரக் குணம்" என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே நாங்கள் அந்த இடத்துக்குப் போகவில்லை. பார்க்கின்சனோடு மனச்சோர்வும் சேர்ந்து வந்திருந்தால் யோசித்திருப்பேன். வலிப்பு வந்தவர்களும் தலைக்குள் உலோகம் இருப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மில்லிஆம்பியர் அளவு நேர் மின்சாரத்தை ஸ்பாஞ்ச் வைத்துச் செலுத்தும் டி.டி.சி.எஸ். கருவியை ஆன்லைனில் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கட்டும்.

குரல்

அப்பா கேட்ட கேள்விக்கு இந்த நான்கில் எதிலும் பதில் இல்லை. பதில் கிடைத்தது பேச்சுப் பயிற்சியில். எல்.எஸ்.வி.டி. லவுட் என்று ஒரு முறை: வாரம் நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் 16 தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதில் சொல்லித் தருவது ஒரே ஒரு விஷயம், சத்தமாகப் பேசு. பார்க்கின்சன்காரருக்குத் தன் குரல் சரியான சத்தத்தில் இருப்பதாகவே தோன்றும், அந்த அளவுகோலைத் திருத்துவதுதான் பயிற்சி. தினசரி பேசும் பத்து வாக்கியங்களை அவரவரே எழுதிக்கொடுத்து அதையே தினமும் சொல்ல வேண்டும். "சாப்பாடு போடு" என்று ஆரம்பித்த அப்பா, ஏழாவதாக எழுதியது "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்". புதுச்சேரிக்குப் போகும் நாட்களில் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவார். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார் என்றால் சத்தம் போதுமான அளவுக்கு வந்திருக்கிறது.

ஆக, குரலுக்குப் பயிற்சி. ஆட்டத்துக்கும் இறக்கத்துக்கும், மாத்திரையைத் திருத்தியும் நாளுக்கு மூன்றரை மணி நேர இறக்கம் மிச்சம் இருப்பதால், டி.பி.எஸ்., கம்பி ஜி.பி.ஐ.யில், சார்ஜ் ஏற்றும் பேட்டரி. அப்பா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: டெஸ்டில் 30 சதவீதம் வராவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

டெஸ்ட் அடுத்த மாதம் சென்னையில். முந்தின ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடுவதால் காலையில் அவர் மரக்கட்டையாகத்தான் இருப்பார். கடலூரில் இருந்து அந்த நிலையில் நாலு மணி நேரம் காரில் உட்கார வைப்பது பாவம். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே கீழ்த்தளத்தில் அறை போட்டிருக்கிறோம், சக்கர நாற்காலி சொல்லியாயிற்று, தம்பி லீவு போட்டு வருகிறான். அம்மாவின் நோட்டு, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்கள், பையில் அவசரத்துக்கு ஒரு வேளை மாத்திரை. டெஸ்ட் முடிந்ததும் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மாத்திரைக்கும் மீனுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்.